கண்டதை வரை!

ஞாயிற்றின் முகத்தில் ஒரு கரும்புள்ளி! ஒரு விளிம்பில் நுழைந்து, மெல்ல ஊர்ந்து, சில மணி நேரத்தில் மறு விளிம்பில் வெளியேறி மறைகிறது. செய்தி கேட்டு ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். இன்னொருவன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எந்த இராசிக்கு என்ன கேடு என்று கணக்குப் பார்க்கிறான். மூன்றாமவன் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வட்டம் போட்டு, புள்ளி நின்ற இடத்தில் புள்ளி வைத்து, அருகே மணியைக் குறிக்கிறான். மூவருக்கும் வானம் ஒன்றே, ஞாயிறும் ஒன்றே. ஆனால் அந்த ஞாயிறு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று உலகுக்குச் சொன்னவன் யார்? மூன்றாமவனல்லவா!

அந்த மூன்றாமவனின் வரலாறு இது. இதில் பாரிசு உண்டு, சூரத் உண்டு. நமது சென்னைக் கோட்டையும், நுங்கம்பாக்கமும், புதுச்சேரியும் உண்டு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் தோழர்களுக்கு இந்த வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் ஒன்றும் காத்திருக்கிறது.

கடப்பு என்பது யாது?

புதனும் வெள்ளியும் நம் நிலவுலகைக் காட்டிலும் ஞாயிற்றுக்கு அண்மையில் சுற்றும் கோள்கள். ஆகவே அவை அவ்வப்போது நமக்கும் ஞாயிற்றுக்கும் இடையே வந்து போகும். ஆனால் அவற்றின் பாதைகள் நம் பாதைக்குச் சற்றே சாய்ந்தவை. பெரும்பாலும் ஞாயிற்றுக்கு மேலோ கீழோ விலகியே போய்விடும். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் அரிய நாளில்தான், கோளின் கரிய வட்டம் ஞாயிற்றுத் தட்டின் குறுக்கே ஊர்வது தெரியும். அதுவே கடப்பு. புதன் நூறாண்டில் பதின்மூன்று முறை அளவில் கடக்கும். வெள்ளியோ எட்டாண்டு இடைவெளியில் இருமுறை கடந்துவிட்டு, பின்னர் நூறாண்டுக்கு மேல் அந்தப் பக்கமே தலைகாட்டாது. 1874, 1882, அதன்பின் 2004, 2012. இனி 2117-ல்தான்!

15 செண்டிமீட்டர் அகலத்தில் ஞாயிற்றை வரைந்தால், அதில் வெள்ளி ஒரு மிளகு அளவு. புதன் ஒரு கசகசா அளவுகூட இல்லை. இந்த மிளகையும் கசகசாவையும் சரியான இடத்தில் வைக்கத்தான் அறிஞர்கள் கடல் கடந்தார்கள்!

தாளில் பிடித்த ஞாயிறு

ஞாயிற்றை நேரே தொலைநோக்கியில் பார்த்தால் கண் போய்விடும். ஆகவே தொலைநோக்கியின் பின்னே தாளைப் பிடித்து, ஞாயிற்றின் உருவத்தை அதில் விழச் செய்து, விழுந்ததை வரையும் முறை பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி கண்ட வழி அது. அந்த வழியில் 1612-ல் கலிலியோ நாள்தோறும் ஞாயிற்றுப் புள்ளிகளை வரைந்தார். மாசற்ற சோதி என்று மதவாணர் போற்றிய ஞாயிற்றில் மாசுகள்! அவை நாளுக்கு நாள் நகர்ந்தன. ஞாயிறு தன்னைத்தானே சுற்றுகிறது என்பது அந்தப் படங்களிலிருந்து தெளிந்தது. வாதத்தால் வெல்ல முடியாத கோட்டையை வரிசையாக அடுக்கிய படங்கள் தகர்த்தன.

1631 நவம்பர் 7. புதன் கடக்கும் என்று கெப்ளர் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அந்நாளைக் காண அவர் உயிரோடு இல்லை. பாரிசில் கசாண்டி இருட்டறையில் தாள் விரித்துக் காத்திருந்தார். சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. இவ்வளவு சிறியது புதனாக இருக்க முடியாது, ஞாயிற்றுப் புள்ளிதான் என்று முதலில் எண்ணினார். ஆயினும் இடத்தைக் குறித்தார். சிறிது நேரம் கழித்து மீண்டும் குறித்தார். ஞாயிற்றுப் புள்ளி இவ்வளவு விரைவாக நகராதே! அவருடைய எண்ணம் பிழை, அவருடைய தாள் மெய். தம் எண்ணத்தைவிடத் தம் தாளை நம்பினார். புதன் கடப்பைக் கண்ட முதல் மனிதர் ஆனார்.

எட்டாண்டுக்குப் பின் இங்கிலாந்தில் ஹாரக்ஸ் என்ற இளைஞர். வயது இருபது அளவே. பிறர் கணக்கில் விடுபட்ட வெள்ளிக் கடப்பைத் தாமே கணக்கிட்டு, 1639 டிசம்பர் 4 அன்று தாளில் ஆறங்குல வட்டம் வரைந்து காத்திருந்தார். மேகம்! பிற்பகல் மூன்றேகால் மணிக்கு மேகம் விலகியது. ஞாயிறு மறைய அரைமணி நேரமே இருந்தது. அதற்குள் வெள்ளி நின்ற மூன்று இடங்களைக் குறித்துவிட்டார். வெள்ளிக் கடப்பை மனிதன் முதன்முதலில் பதிவு செய்தது அந்த அரைமணி நேரத்தில்தான். அவருடைய நண்பர், துணி வணிகர் கிராப்ட்ரீ, வேறோர் ஊரில் கண்டார். கண்ட களிப்பில் மெய்ம்மறந்து அளக்கத் தவறினார். வியப்பு நல்லதே, ஆனால் வியந்து நிற்பவன் கையில் பென்சிலும் இருக்க வேண்டும்!

நம் மண்ணில்

இந்தியாவில் இக்காட்சி தொலைநோக்கி வழியே காணப்பட்டது 1651-ல். ஷேக்கர்லி என்ற ஆங்கிலேயர் சூரத்தில் புதன் கடப்பைக் கண்டார்.

சென்னைக்கு முறை வந்தது 1761 ஜூன் 6. இராயபுரத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் நிற்கிறதே புனித ஜார்ஜ் கோட்டை, அங்கே ஆளுநர் மாளிகையின் உச்சியில் வில்லியம் ஹர்ஸ்ட் என்ற கப்பற்படைப் பாதிரியார் தொலைநோக்கியோடு நின்றார். ஆளுநர் பிகாட்டும் ஜான் காலும் உடனிருந்தனர். வெள்ளி ஞாயிற்றின் விளிம்பைத் தொடுவதற்கு இரண்டு மூன்று வினாடி முன்னதாக, மங்கலான நிழல் போன்ற ஒன்றைக் கண்டதாக ஹர்ஸ்ட் எழுதினார். அது என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் மறைக்காமல் எழுதினார்.

எதற்கு இவ்வளவு பாடு? உலகின் இரு வேறு மூலைகளிலிருந்து பார்த்தால் வெள்ளி ஞாயிற்றின் மேல் சற்றே வேறுபட்ட கோடுகளில் செல்வதாகத் தோன்றும். நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் துல்லியமாகத் தெரிந்தால், அந்த வேறுபாட்டிலிருந்து ஞாயிற்றின் தொலைவைக் கணித்துவிடலாம் என்று 1716-ல் ஹாலி வழி வகுத்தார். அந்த வழியே சென்றுதான் ஞாயிறு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்ற உண்மையை மனிதன் நெருங்கினான்.

இதற்காகவே பிரான்சிலிருந்து 1760-ல் புறப்பட்டார் லெ ஜாந்தீல். புதுச்சேரி அவர் குறி. வழியிலேயே செய்தி வந்தது: ஊர் ஆங்கிலேயர் வசம்! 1761-ன் கடப்பு அவருக்கு ஆடும் கப்பலின் தளத்தில் கழிந்தது. ஆடும் தளத்தில் அளவு எடுப்பது எப்படி? அடுத்த கடப்பு வரை எட்டாண்டு இப்பகுதிகளிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் எல்லாம் ஆயத்தம். கடப்பு நேரத்தில் மேகம் மூடியது. கடப்பு முடிந்தபின் ஞாயிறு பளிச்சென்று வந்தது! 1771-ல் ஊர் திரும்பினால், அவர் இறந்துபோனதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள்.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் முறை அது. 1765 ஆகஸ்டு 30 நிகழ்ந்த சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணிதரின் பிழை 41 வினாடி. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணையின் பிழை 68 வினாடி!

இதைப் படித்ததும் தோள் தட்டத் தோன்றும். தட்டலாம், ஒரு நொடி தட்டிவிட்டுச் சிந்திப்போம். இவ்வளவு கூர்மையான கணக்கைக் கையில் வைத்திருந்த நாடு, அந்தக் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே வந்ததா? சோழி உருண்டது, வாய் வாக்கியத்தைச் சொன்னது. கண் மேலே பார்த்துப் பிழை குறிக்கவில்லை. மாயரின் வழித்தோன்றல்கள் 68 வினாடிப் பிழையை வெட்கமின்றி எழுதி வைத்து அடுத்த தலைமுறைக்குள் குறைத்தார்கள். நம் வாக்கியமோ மந்திரமாகி நின்றுவிட்டது. அறிவு குறைவாக இருந்ததால் நாம் பின்தங்கவில்லை தோழர்களே, அறிவைப் பூட்டி வைத்ததால் பின்தங்கினோம்!

பஞ்சாங்கக் குடும்பத்தில் ஒரு தொலைநோக்கி

அந்தப் பூட்டைத் திறக்க ஒருவர் வந்தார். வந்தது எங்கிருந்து? பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்தே! சிந்தாமணி இரகுநாதாச்சாரி என்பது அவர் பெயர்.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் ஒன்றைக் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய 15 அடி உயரக் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கம்பெனிக்கு விண்ணின் மீது காதலா? இல்லை, கப்பல்களுக்குத் தீர்க்கரேகை வேண்டும், நில அளவைக்கு ஓர் ஆதாரப்புள்ளி வேண்டும். பின்னாளில் இரயில்களும் அந்தக் கடிகாரத்துக்கே கட்டுப்பட்டன. 1856-ல் திறந்த நம் இராயபுரம் நிலையத்தில் மூட்டை சுமந்த தொழிலாளி, நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கி சொன்ன சென்னை நேரத்துக்குத்தான் ஓடினான். அந்தத் தொலைநோக்கியை ஒருமுறை எட்டிப் பார்க்க அவனை யாரும் அழைத்ததில்லை.

அந்த ஆய்வகத்தில் போக்சன் என்ற ஆங்கிலேயரின் கீழ் முதல் உதவியாளராக உழைத்தார் இரகுநாதாச்சாரி. 1867-ல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று அது ஆர் ரெட்டிக்குலி என வழங்குகிறது. 1868-ன் முழுக் கிரகணத்தைக் காண நிஜாம் நாட்டு வனபர்த்திக்குக் குழுவை நடத்திச் சென்றார். 1872-ல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1874 டிசம்பர் 9-ல் வெள்ளி கடக்க இருந்தது. சென்னை மக்கள் அதை எப்படி எதிர்கொள்வார்கள்? கண் கெட்டுவிடுமா, ஊர் கெட்டுவிடுமா, எந்தப் பரிகாரம் செய்வது என்ற பேச்சு எழுமுன் அவர் எழுதுகோலை எடுத்தார். முதலில் தமிழில் எழுதினார்! ஒரு சித்தாந்தியும் அவர் நண்பர்களும் உரையாடும் வடிவம். நண்பர்கள் ஐயம் எழுப்ப, சித்தாந்தி விளக்குகிறார். பின்னரே அது ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் வந்தது. ஆங்கிலேயருக்கு அறிக்கை எழுதிப் பதவி உயர்வு தேடுவது எளிது. தெருவில் நடப்பவனுக்குத் தமிழில் வானத்தை விளக்குவது கடினம். அவர் கடினத்தைத் தேர்ந்தார். அதே ஆண்டில் பச்சையப்பன் மண்டபத்தில் உரையாற்றியபோது, நம்மவர்க்கென்று நவீன வானாய்வகம் ஒன்று அமைய வேண்டும் என்று கேட்டார்.

அவருடைய பெரிய போராட்டம் பஞ்சாங்கத்தோடு. திருக்கணித பஞ்சாங்கம் ஒன்றை வெளியிட்டார். திருக்கு என்றால் பார்வை. பார்த்துத் திருத்திய கணக்கு என்பது அதன் பொருள். வாக்கியக்காரர்கள் எதிர்த்தார்கள். முன்னோர் சொன்னதைத் தொலைநோக்கி திருத்துவதா என்று சீறினார்கள். அவர் 1880-ல் மறைந்தார், வழக்கு மறையவில்லை! சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதம். 2026 மார்ச்சு என்றது வாக்கியம். திருநள்ளாற்றில் வாக்கியமே நிலைத்தது. ஒரு கோள், இரண்டு வருகை, இடையில் ஓராண்டு! வானத்தில் சனி நிற்கும் இடம் ஒன்றுதானே? நிமிர்ந்து பார்த்தால் தீரும் வழக்கு, நூற்றைம்பது ஆண்டாகத் தீரவில்லை.

அவரும் நூலில் பஞ்சாங்கத்தை விட்டுவிடவில்லை. நாள், நட்சத்திரம் பார்க்கும் வழக்கத்தை வேரோடு களையவில்லை. ஆனால் ஒன்றைச் செய்தார்: ஏட்டுக்கு மேலே ஒரு நீதிமன்றம் உண்டு, அதன் பெயர் வானம் என்று நிறுவினார். பிறந்த குடியைப் பார்த்து அவரை நாம் ஒதுக்கினால், பிறப்பைப் பார்க்காதே என்று நாம் பேசுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

டிசம்பர் 9 வந்தது. சென்னையில் மேகம்! நூல் எழுதி நகரைத் தயாராக்கியவரின் ஊரை மழைமேகம் ஏமாற்றியது. விசாகப்பட்டினத்தில் அங்கிதம் வெங்கட நரசிங்கராவ் தம் சொந்த ஆய்வகத்தில் கண்டு குறித்தார். ஒடிசாவில் சாமந்த சந்திரசேகரர் தொலைநோக்கி இல்லாமலே கண்டு, வெள்ளியின் அகலம் ஞாயிற்றில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று எழுதினார். இன்றைய கணக்கும் அதுவே!

கை சொன்ன உண்மை, கை செய்த பிழை

வரைந்தவர்கள் எதிர்பாராததைக் கண்டார்கள். 1761-ல் ருசியாவில் லோமனோசவ், ஞாயிற்றின் விளிம்பில் வெள்ளியை ஒட்டி எழுந்த ஒளிப் புடைப்பைப் படமாக வரைந்து, வெள்ளிக்குக் காற்றுமண்டலம் உண்டு என்று உய்த்துணர்ந்தார். 1769-ல் தாகித்தித் தீவில் குக்கும் கிரீனும் பக்கம் பக்கமாக நின்று பார்த்தும், தொட்ட நேரத்தில் வேறுபட்டனர். வெள்ளி விளிம்பை விட்டு விலகும்போது, நீர்த்துளி காம்பில் தொங்குவதுபோல ஒரு கருங்கழுத்து இரண்டையும் இணைத்து நின்றது. இருவரும் அதை வரைந்தார்கள். வெள்ளியின் காற்றே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் பலர் கருதினர். 1999-ல் விண்கலம் ஒன்று காற்றில்லாத புதனின் கடப்பைப் படமெடுத்தது, அதிலும் கருந்துளி! தொலைநோக்கியின் இயல்பான மங்கலும், ஞாயிற்று விளிம்பின் ஒளிக்குறைவும் சேர்ந்து செய்யும் வேலை அது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

இன்னொரு கதையும் கேளுங்கள். இது நமக்கான எச்சரிக்கை. 1859-ல் பிரெஞ்சு நாட்டுப்புற மருத்துவர் லெஸ்கர்போ, ஞாயிற்றின் குறுக்கே புதிய கோள் ஒன்று கடந்ததைக் கண்டதாகச் சொன்னார். நெப்டியூனைக் கணக்கால் கண்டறிந்த மாமேதை லெ வெரியே அதை ஏற்றார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வந்தது. மருத்துவருக்கு விருதும் கிடைத்தது. கோள் மட்டும் கிடைக்கவில்லை! பல்லாண்டு தேடினார்கள். புதனின் பாதையில் இருந்த விலகலுக்கு வல்கன் தேவையே இல்லை என்று 1915-ல் ஐன்ஸ்டைனின் கணக்கு காட்டியது. பெரியவர் ஒப்பினார் என்பதால் பொய் மெய்யாகாது. மடாதிபதிக்குப் பொருந்தும் இந்த விதி மேதைக்கும் பொருந்தும். மேடையில் நமக்குப் பிடித்ததைப் பேசும் தலைவருக்கும் பொருந்தும். பகுத்தறிவு என்பது ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்வதாகிவிட்டால், நாமும் சோழி உருட்டுகிறவர்களே!

2032 நவம்பர் 13

அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். புதன் ஞாயிற்றைக் கடக்கிறது. சென்னையில் நண்பகலுக்குச் சற்றுப் பின் தொடங்கி, மாலை நாலரை மணி அளவில், ஞாயிறு மறையுமுன்பே முடிகிறது. முழுக் கடப்பையும் நாம் காணலாம். நாள் சனிக்கிழமை, சனியும் புதனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்க ஆளிருக்கும்! பள்ளி விடுமுறை ஆகும் என்று சொல்லுங்கள்.

வடசென்னையில் பாடம் சொல்லும் ஆசிரியன் என்ற முறையில் என் கோரிக்கை இது. காசிமேட்டில் விடிவெள்ளி பார்த்துக் கடலில் இறங்கும் குடும்பங்களின் பிள்ளைகள், எண்ணூர்ப் புகைபோக்கிகளின் நிழலில் வளரும் பிள்ளைகள், துறைமுகத்தில் சுமை ஏற்றும் தோழரின் பிள்ளைகள் அன்று தாளும் பென்சிலுமாக நிற்க வேண்டும். மன்றங்கள் சேர்ந்து 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்று வாங்கினால் போதும். அரங்கம் கட்டி வளைவு வைக்கும் செலவில் சிறு பங்குதான்.

செய்முறை எளிது. தொலைநோக்கிக்குள் யாரும் கண் வைக்கலாகாது. சிறு தேடுநோக்கியை மூடிவிடுங்கள். ஓர் ஆசிரியர் எப்போதும் அருகிலேயே நிற்கட்டும். பின்னால் வெள்ளை அட்டை. அதில் 15 செண்டிமீட்டர் வட்டம். கருவியை அசைக்காமல் விட்டால் ஞாயிற்றின் உருவம் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் நகர்ந்துவிடும். அது நகரும் திசை மேற்கு. அதை முதலில் குறியுங்கள். பிறகு புள்ளி, அதன் பக்கத்தில் மணி, நிமிடம், வினாடி. இருவர் வரையுங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். முடிந்தபின் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் திருத்தாதீர்கள், வேறுபட்டது என்று எழுதுங்கள். அழிப்பானை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஞாயிற்றுப் புள்ளிகள் உண்டே! 1899-ல் சென்னையின் வானாய்வு கொடைக்கானல் மலைக்குப் போனது. அங்கே நூற்றாண்டுக்கு மேலாக ஞாயிற்றைப் பதிவு செய்கிறார்கள். நாமும் நாளொரு படம் வரைவோம். ஒரு மாதம் வரைந்த மாணவிக்கு, ஞாயிறு ஏறத்தாழ இருபத்தேழு நாளில் ஒருமுறை சுழல்வதாகத் தெரிகிறது என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் எனக்குச் சொல்லுவாள்.

நவம்பர் ஆயிற்றே, மேகம் மறைத்தால்? மறைக்கலாம். லெ ஜாந்தீலை மறைத்தது, இரகுநாதாச்சாரியை மறைத்தது. அப்போது வெற்று வட்டத்தின் கீழே இப்படி எழுதுங்கள்: “மேகம். எதுவும் தெரியவில்லை.” அதன் கீழே கையொப்பமிட்டு மணியைக் குறியுங்கள். காணாததைக் கண்டதாகச் சொல்லி நூற்றாண்டுகளாக வயிறு வளர்த்தவர்கள் உள்ள நாட்டில், அந்த வெற்றுத் தாளும் ஒரு புரட்சிதான்!